மாதுளை என்று சொல்லும்வரை

ஏரிக்கரை ஊரான எங்கள் ஆல்டர் கிரீக்கில் வியாழக்கிழமைதோறும் பெண்கள் வட்டம் கூடும். யோகா கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, யார் எங்கே எப்படிப் பெற்றாள் என்று பேசுவார்கள். வீட்டில் பெற்றவளுக்கு நடுவில் இடம். ஆஸ்பத்திரியில் பெற்றவளை யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். அவள் பேசும்போது எல்லாரும் தலையைச் சாய்த்து, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கேட்பார்கள். அதற்கு வெளியே போகச் சொன்னாலே தேவலை.

அந்த வட்டத்தில் நாஸ்தியா பொஸ்னிகாஃபைப் பற்றி நல்ல வார்த்தை கேட்க முடியாது. அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகளைக் கையில் வாங்கியவள் அவள்தான். ஏரியின் இந்தக் கரையில் மட்டும் எழுநூறு பிரசவம் பார்த்த மருத்துவச்சி. நான் அவளுக்கு இரண்டாம் ஆளாகப் பன்னிரண்டு வருஷம் கூடப் போனவள். தாயை அவள் பார்ப்பாள், பிள்ளை வெளியே வந்ததும் பிள்ளையை நான் பார்ப்பேன். அதற்கு முன் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தேன். பெயர் கொரின், நாஸ்தியாவுக்குக் கோரி. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நாஸ்தியா டுக்கபோர் என்கிற ரஷ்யக் கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துப் பெண். பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் அவள் அப்பாவுக்குச் செர்ரித் தோட்டம் இருந்தது. ரஷ்யாவிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகியும் வீட்டில் இறைச்சி நுழைந்ததில்லை. முட்டைக்கோஸும் பாலேடும் போட்ட போர்ஷ் சூப்தான் அவர்களுக்கு எல்லா வியாதிக்கும் மருந்து. இருபத்திரண்டு வயதில் முதல் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி போனாள். காலைப் பட்டையால் கட்டிப் படுக்கவைத்தார்கள். கத்தியை எடுத்த டாக்டரிடம் வெட்ட வேண்டாம் என்று மூன்று முறை சொன்னாள். அவர் நர்ஸிடம் வானிலை பற்றிப் பேசிக்கொண்டே வெட்டினார். பெரிய படிப்புப் படித்தவர், நான்கு எழுத்துச் சொல் ஒன்று காதில் ஏறவில்லை.

அதன் பிறகு ஒன்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். அந்த ஒன்பது வருஷமும் அந்த மூன்று முறை சொன்னது தொண்டையிலேயே நின்றது என்பாள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு படித்து மருத்துவச்சி ஆனாள். அவள் தொழிலில் வித்தை ஒன்றும் கிடையாது. எதையும் செய்வதற்கு முன் கேட்பாள். இதைச் செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும், கொஞ்சம் பொறுத்தால் என்ன ஆகும் என்று சாதாரணப் பேச்சில் சொல்வாள். கடைசியில், "உனக்கு என்ன வேணும்?" என்பாள். அப்புறம் வாயை மூடிக்கொள்வாள். அந்த வாயை மூடுவதைத்தான் பலர் பத்து வருஷம் படித்தும் கற்றுக்கொள்வதில்லை.

முட்டி போட்டுப் பெற விரும்புகிறவளை ஆஸ்பத்திரியில் அப்படியே விட வேண்டும் என்று கேட்டு இரண்டு வருஷம் அலைந்தாள். அக்கரை ஆஸ்பத்திரியின் குழுவில் எட்டுப் பேர். அதில் ஐந்து பேருக்குக் கர்ப்பப்பை இருக்க வழியே இல்லை. தரை சுத்தமா, டாக்டருக்கு முதுகு வலிக்காதா, வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழும் என்று கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். கடைசியில் பெரிய மனசு பண்ணி, முட்டி போட ஒரு நீலப் பாயை அனுமதித்தார்கள். அன்றைக்கு எங்கள் வட்டம் நாஸ்தியாவுக்கு மாலை போடாத குறை.

அடுத்த வருஷமே அவளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஒரு பள்ளி ஆசிரியை, பழைய காயம் எதையோ மனசில் சுமந்தவள், வலியே வேண்டாம், முன்கூட்டியே நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றாள். நாஸ்தியா வழக்கம்போல எல்லாம் சொன்னாள், கேட்டாள், வாயை மூடினாள். ஆபரேஷன் அறையில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வட்டத்துக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பாய் கேட்டு இவர்கள் ஊர்வலம் போனது பெண்ணின் விருப்பத்துக்காக. பெண்ணின் விருப்பம் என்றால் இவர்கள் விரும்புவதைப் பெண் விரும்புவது.

வட்டத்தை நடத்துகிறவள் ஆட்ரா. யோகா சொல்லித் தருகிறவள், பிரசவத்துக்குத் துணையாகவும் போவாள். குரல் தேன். ரகசியச் சொல் வைக்கிற வழக்கத்தை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்த புண்ணியவதி அவள்தான். எட்டாம் மாதத்தில் கர்ப்பிணியை நடுவில் உட்காரவைத்துப் பூ வைத்து, எல்லார் மணிக்கட்டிலும் ஒரே நூலைக் கட்டி, ஒரு ரகசியச் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்வாள். வலி வந்த பிறகு அவள் வலி தெரியாமலிருக்க ஊசி கேட்டாலும் ஆஸ்பத்திரி கேட்டாலும் அது கேட்டதாகக் கணக்கில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால்தான் கணக்கு. வேண்டாம் என்று மூன்று முறை சொன்னதை மதிக்காத டாக்டர் அரக்கன். வேண்டும் என்று முப்பது முறை சொல்வதை மதிக்காதவர்கள் தோழிகள்.

மேவ் என்கிற பெண் அந்த ஏப்ரலில் எங்களிடம் வந்தாள். தலைப்பிள்ளை. மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள், வார்த்தைகளில் கெட்டிக்காரி. புருஷன் ஆன்டர்ஸ் மரவீடு கட்டுகிறவன். அவர்கள் வீட்டையும் மலைமேல் அவனே கட்டினான், நல்ல பாதை போட மட்டும் மறந்துவிட்டான். மேவ் தன் விருப்பங்களை அச்சடித்த தாளில் கொண்டுவந்து நீட்டினாள். கடைசி வரியில் அந்தச் சொல் இருந்தது. மாதுளை.

நாஸ்தியா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "இதை மட்டும் எடுத்துடும்மா. நீ ஊசி கேட்டா ஊசின்னு எனக்குப் புரியும். பழம் எதுக்கு?"

"வலியில நான் என்ன வேணா சொல்லுவேன். அது நான் இல்லை. இப்ப தெளிவா சொல்றேன்ல, இதுதான் நான்."

"வலியில இருக்கிறவளும் நீதான். அவகிட்டயும் நான் கேக்கணும்ல?"

"அவ சொன்னா கேக்காதீங்கன்னுதான் நான் சொல்றேன்." மேவ் சிரித்தாள். "பொம்பளைங்க என்ன தேர்ந்தெடுத்தாலும் கூட நிப்பேன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. நான் தேர்ந்தெடுத்தது இது."

நாஸ்தியாவை அவள் கயிற்றாலேயே கட்டிவிட்டாள். ஆட்ரா சொல்லியிருந்தால் நாஸ்தியா கதவைக் காட்டியிருப்பாள். சொன்னது அந்தப் பெண்ணே. நாஸ்தியா பேனாவை எடுத்தாள், குறிப்பேட்டில் அந்தப் பழத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேவிடமும் கையெழுத்து வாங்கினாள்.

மேவ் போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. "என்ன, நீயும் நூலு கட்டிக்கப் போறியா?"

"அவ விருப்பம், கோரி."

"காதைப் பொத்திக்கன்னு சொன்னா அதுவும் விருப்பமா?"

"அப்ப எந்த விருப்பத்தை மதிக்கணும், எதை மதிக்கக் கூடாதுன்னு நான் முடிவு பண்ணவா? அதுக்கு அந்த ஆஸ்பத்திரிக் குழுவிலேயே போய் உக்காந்துக்கலாமே." சாப்பிடப் போய்விட்டோம்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மலைவீட்டுக்குப் போனோம். முதல் நாள் மாலையே வலி தொடங்கியிருந்தது. நடுக்கூடத்தில் காற்றடைத்த தொட்டியில் வெந்நீர். ஜன்னல் விளிம்பெல்லாம் மெழுகுவர்த்தி. ஒலிபெருக்கியில் திமிங்கிலம் ஒன்று பாடிக்கொண்டிருந்தது. கடலுக்கும் எங்களுக்கும் ஒரு நாள் வண்டிப் பயணம். ஆட்ரா ஈரத் துணியோடு மேவின் நெற்றியை ஒற்றிக்கொண்டு, தேன் குரலில், அலை வருது, அலை போகுது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அலை என்னவோ மேவுக்குள்தான் வந்துபோனது.

எங்கள் கரையில் பிரசவ வார்டு கிடையாது. முதுகில் ஊசி வேண்டுமென்றால் காரில் மலை இறங்கி, ஏரியைப் படகில் கடந்து, அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கார்கள் ஏறுகிற பெரிய படகு. பதினொன்றரைக்கு ஒன்று, அதை விட்டால் ஒரு மணிக்கு. இது இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

பத்தே முக்கால் ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்போது மேவ் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எனக்கு ஊசி வேணும். ஆஸ்பத்திரிக்குப் போலாம்." அழாமல் சொன்னாள். கடையில் ரொட்டி கேட்கிறமாதிரி சொன்னாள்.

ஆட்ரா அவள் தோளைத் தடவினாள். "அருமையா பண்றே, மேவ். இதுதான் அந்தக் கட்டம். எல்லாரும் கேக்கிற கட்டம்."

நான் நாஸ்தியாவைப் பார்த்தேன். நாஸ்தியா தொட்டியோரம் முட்டி போட்டு மேவின் இடது கையைப் பிடித்தாள். எழுநூறு பிரசவத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டாள். "அந்த வார்த்தையைச் சொல்றியாம்மா?"

"எந்த வார்த்தை?"

"நீ தேர்ந்தெடுத்த வார்த்தை."

மேவ் கண்ணை மூடித் தேடினாள். அதற்குள் அடுத்த வலி வந்து அவளைச் சுருட்டியது. அது போனதும், "ஆரஞ்சு" என்றாள்.

"இல்ல செல்லம்" என்றான் ஆன்டர்ஸ். அவனுக்கு முகமெல்லாம் வியர்வை. பரீட்சையில் பிள்ளைக்கு விடை சொல்ல முடியாத வாத்தியார் போல உட்கார்ந்திருந்தான்.

"தக்காளி. அந்த… சிவப்பா இருக்கும். உடைச்சா உள்ள விதை விதையா இருக்கும். ஆன்டர்ஸ், உனக்குத் தெரியும், சொல்லு."

"நான் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

ஆட்ரா புன்னகைத்தாள். "அவ இன்னும் தயாரில்லை. தயாரா இருந்தா அவ உடம்பே அந்த வார்த்தையைக் குடுத்திருக்கும்." உடம்பு பழத்தின் பெயரை எந்த உறுப்பில் வைத்திருக்கும் என்று என் நர்ஸ் படிப்பில் சொல்லித் தரவில்லை.

மேவ் மறுபடியும் கேட்டாள். கால் மணிக்கு ஒரு தரம், சில சமயம் அதற்குள்ளேயே. ஒரு முறை ரஷ்ய மொழியில் கேட்டால் நாஸ்தியாவுக்குப் புரியுமோ என்று அதிலும் கேட்டாள். வாழ்நாளெல்லாம் வார்த்தையை விற்றுப் பிழைத்தவளிடம் ஒரே ஒரு வார்த்தை இல்லை என்று அத்தனை பேரும் கைகட்டி நின்றோம். நாஸ்தியா வலது கையால் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டாள், நேரத்தைக் குறித்தாள், இடது கையால் மேவின் கையைப் பிடித்தபடி இருந்தாள். அவள் தலைக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். ஏப்ரலில் தெளிவாகப் பேசினவளிடம் கொடுத்த வாக்கு ஓடியது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறவளை விட்டுவிட்டு ஏப்ரலுக்கு உண்மையாக இருந்தாள். அன்றைக்கு அவள்மேல் வந்த வெறுப்பு ஆட்ராமேல்கூட எனக்கு வந்ததில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீளமான வாய் உள்ள நான் அந்த நேரமெல்லாம் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். ஆறு துண்டு. மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். பதினொன்றரைப் படகு சங்கு ஊதியது மலைமேல்வரை கேட்டது.

பன்னிரண்டு இருபதுக்கு மேவ் கேட்பதை நிறுத்தினாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி. உங்க இஷ்டம்" என்றாள்.

ஆட்ராவின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். "பாத்தீங்களா, சரணடைஞ்சிட்டா" என்று கிசுகிசுத்தாள்.

நாஸ்தியா எழுந்தாள். எழுந்த வேகத்தில் பாதித் தொட்டித் தண்ணீர் தரையில். "கோரி, வண்டியை வாசலுக்குக் கொண்டா. ஆன்டர்ஸ், அவளுக்கு ஏதாவது உடுத்தி விடு."

"அவ வார்த்தையைச் சொல்லலையே" என்றாள் ஆட்ரா. "நீங்க அவ விருப்பத்தை மீறுறீங்க."

"நூறு நிமிஷமா சொல்லிட்டிருக்கா. வழியை விட்டு நகரு."

"அவ நாளைக்கு உங்களை மன்னிக்க மாட்டா."

"அது எனக்கும் அவளுக்கும். நகருன்னேன்."

ஒரு மணிப் படகில் ஏறினோம். மேல்தளமெல்லாம் சுற்றுலாக் கூட்டம், கையில் ஐஸ்கிரீம். எங்கள் வேனுக்குள் மேவ் இருக்கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "படகு ஒத்துக்கலையா?" என்று கேட்டார். எலுமிச்சை மிட்டாய் வேறு நீட்டினார். அன்றைக்கு அவளுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக் கேட்ட ஒரே ஆள் அவர்தான் என்பதால் நான் திட்டவில்லை.

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. அந்த ஊசி போடுகிற மயக்க மருந்து டாக்டர் அங்கே ஒருவர்தான். மர லாரி கவிழ்ந்து தொடை நொறுங்கிய ஒருவனுக்காக ஒன்றரைக்கு ஆபரேஷன் அறைக்குள் போயிருந்தார். பதினொன்றரைப் படகில் வந்திருந்தால் நாங்கள் சேர்ந்திருக்கக்கூடிய பன்னிரண்டரைக்கு அவர் காப்பி குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாராம். அதை ஒரு நர்ஸ் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

அவர் வெளியே வந்தது நாலரைக்கு. பிள்ளை பிறந்தது நாலு இருபதுக்கு. பெண் குழந்தை, மூன்றரைக் கிலோ, நல்ல குரல். நீலப் பாயில், முட்டி போட்டு, ஊசி எதுவும் இல்லாமல்.

இதற்கப்புறம் எங்கள் வட்டம் செய்ததைக் கேளுங்கள். கொண்டாடினார்கள். மேவ் கடைசிவரை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, ஊசி இல்லாமலே பெற்றுவிட்டாள், அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள் என்று ஆட்ரா ஊரெல்லாம் சொன்னாள். நாஸ்தியா குறுக்கே புகுந்து படகில் ஏற்றாவிட்டால் வீட்டிலேயே பிறந்திருக்கும் என்று ஒரு பெருமூச்சையும் சேர்த்துக்கொண்டாள். ஐந்தாம் வாரம் மேவ் பிள்ளையோடு யோகா கூடத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் பெற்றவளுக்கு முதல்முறையாக நடுவில் இடம் கொடுத்தார்கள். கதையைச் சொல் என்றார்கள். மேவ் சுற்றிலும் எல்லார் முகத்தையும் பார்த்தாளாம், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாளாம்.

நாஸ்தியா அதற்குப் பிறகு யாருக்கும் எந்தப் பழத்தையும் எழுதித் தருவதில்லை. நீ இப்ப சொல்றதையும் கேப்பேன், அப்ப சொல்றதையும் கேப்பேன், சம்மதமில்லன்னா அக்கரையில நல்ல மருத்துவச்சி இருக்காங்க என்று முதல் நாளே சொல்லிவிடுகிறாள். அந்த வருஷம் பதினான்கு பேர் அக்கரைக்குப் போனார்கள். விருப்பத்தை மதிக்கத் தெரியாதவள் என்று வட்டத்தில் அவளுக்குப் பெயர்.

ஆறாம் வாரம் மேவ் எங்கள் அறைக்கு வந்தாள். நாஸ்தியா பிள்ளையைத் தராசில் வைத்தாள். மேவ் உட்காரவில்லை.

"அன்னிக்கு நீங்க எழுதின குறிப்பைக் காட்டுங்க."

நாஸ்தியா தாள்களை எடுத்துக் கொடுத்தாள். நேரத்தை எழுதுவதில் அவள் கறாரானவள். 10.40, ஊசி கேட்கிறாள். 10.52, ஊசி கேட்கிறாள். 11.05, ஆஸ்பத்திரி போக வேண்டும் என்கிறாள். மேவ் விரலை வைத்துக் கீழே கீழே படித்தாள்.

"பதினொரு தடவை" என்றாள்.

"ஆமா."

"படகு, டாக்டர், நான் போட்ட கையெழுத்து, ஏதாவது சொல்லப் போறீங்களா?"

"இல்லம்மா. முதல் தடவையே நான் எந்திரிச்சிருக்கணும். புகார் எழுதணும்னா விலாசம் தரேன்."

"தாங்க." மேவ் தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தராசிலிருந்து எடுத்துக்கொண்டாள். "ஆட்ரா மேல எனக்குக் கோபமே இல்ல. அவ காதுல நான் பேசினது விழவே இல்ல. உங்க காதுல விழுந்திருக்கு. என் கையைப் பிடிச்சிக்கிட்டே ஒண்ணு விடாம எழுதியிருக்கீங்க."

நாஸ்தியா பிள்ளையின் எடையைக் குறிக்கப் பேனாவை எடுத்தாள். எழுதாமல் கீழே வைத்தாள்.